ஷல் தேய்ந்ததும் காலனி நீங்கியதும்



கம்பம் பள்ளத்தாக்கில் ஆங்கிலம் இரண்டு விதமாக வாழ்கிறது. ஒன்று, ஊரோடு ஊராகக் கலந்துவிட்ட ஆங்கிலம். கூடலூரைத் தாண்டினால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். மேகமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பேரூராட்சியின் பெயர் ஹைவேவிஸ். குரங்கணியிலிருந்து மலையேறினால் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். மூணாற்றுத் தேயிலையைக் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கிய காலத்துப் பெயர்கள் அவை. கம்பிவடம் போய்விட்டது, 1924 வெள்ளத்தில் மூணாற்றுப் பக்கத்து ரயில் பாதையும் போய்விட்டது, பெயர்கள் நின்றுவிட்டன. இவற்றைச் சொல்லும்போது யாருக்கும் நாக்கு இடறுமோ என்ற அச்சம் வருவதில்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயரின் நினைவாகப் பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்த பெற்றோர் லண்டனில் அதை எப்படி உச்சரிப்பார்கள் என்று விசாரித்துவிட்டு வைக்கவில்லை. இன்னொன்று, பரீட்சைத் தாளிலும் நேர்முகத் தேர்விலும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஆங்கிலம். அதன் முன்னால், ஏலக்காய் விலையை விரல்நுனியில் வைத்திருக்கிற போடிக்காரருக்கும் வாய் கட்டிக்கொள்கிறது. தப்பாகப் பேசிவிட்டால் சிரிப்பார்களே என்ற பயம்; சரியாகப் பேசிவிட்டால் 'பீட்டர் விடுகிறான்' என்ற பேச்சு.

இந்தப் பயத்துக்குக் காரணமான அளவுகோலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்தக் கோல் பழையது. அதைச் செய்து கொடுத்தவர்களே அதைக் கீழே வைத்துவிட்டார்கள். கடந்த அறுபது ஆண்டுகளில் ஆங்கிலம் பேசுவோர் இலக்கணத்தில் கை தளர்ந்திருக்கிறார்கள். மனிதரைக் குறிக்கும் சொற்களில் கை இறுக்கியிருக்கிறார்கள். நாம் நேர்மாறாக நடந்துகொண்டிருக்கிறோம். ஒருவர் ஒருமை பன்மை பிசகினால் சிரிக்கிறோம். அவரே பக்கத்து வீட்டுப் பிள்ளையை 'மெண்டல்' என்றால் அது நம் காதில் உறைப்பதில்லை. தளர்ந்ததும் இறுகியதும் இரண்டு போக்குகள் அல்ல, ஒரே போக்கின் இரண்டு முகங்கள் என்பது என் வாதம். அந்தப் போக்கைப் புரிந்துகொள்ள இந்தப் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை என்றும் சொல்வேன்.

முதலில் தளர்ந்ததைப் பார்ப்போம். நமக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நூல்களில் ரென் மார்ட்டின் இலக்கணத்துக்கு இருக்கும் இடம் வேறெதற்கும் இல்லை. 1930-களில், ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த பள்ளிகளுக்காக எழுதப்பட்டது. இன்றும் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. 'ஷல்', 'வில்' வேறுபாட்டை அந்த வழியில் மனப்பாடம் செய்த தலைமுறைகள் பல. தன்மைக்கு ஷல், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில். கட்டளையோ உறுதியோ சொல்ல வேண்டுமானால் அப்படியே தலைகீழ். இந்த விதி இன்று என்ன ஆயிற்று? 1961-இல் அச்சான நூல்கள், நாளிதழ்கள் முதலியவற்றிலிருந்து பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் தனித்தனியே பத்து லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்புகளை மொழியியலாளர்கள் உருவாக்கினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே அளவில், அதே வகை எழுத்துகளைக் கொண்டு மறுபடியும் தொகுத்தார்கள். ஜெஃப்ரி லீச்சும் அவருடைய கூட்டாளிகளும் இவற்றை ஒப்பிட்டபோது, இரண்டு நாடுகளிலும் ஷல் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. கட்டாயத்தைச் சொல்லும் 'மஸ்ட்' மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்திருந்தது. அனுமதி கொடுக்கும் 'மே'யும் இறங்கியிருந்தது. ஏறியிருந்தவை 'ஹேவ் டு', 'நீட் டு' போன்ற பேச்சு வழக்குகள். பேச்சில் மட்டுமே வரலாம் என்று ஒதுக்கப்பட்டிருந்த 'டோன்ட்', 'இட்ஸ்' போன்ற சுருக்கங்களும் கூடியிருந்தன.

குறைந்தவை எவை, கூடியவை எவை என்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 'யூ மஸ்ட்' என்றால் சொல்கிறவரின் அதிகாரம் பேசுகிறது. 'யூ நீட் டு' என்றால் கேட்பவரின் தேவை பேசுகிறது. குறைந்தபட்சம் அப்படிப் பேசுவதாகவாவது காட்டிக்கொள்கிறது. சொல்லப்படும் வேலை ஒன்றுதான். ஆனால் மேலே நின்று கை நீட்டுவதை விட்டு எதிரே வந்து உட்கார்ந்து சொல்கிறார்கள். மொழியியலாளர்கள் இதை மொழி மக்கள்மயமாதல் என்கிறார்கள். இலக்கணத்தைக் கவனிக்காத சோம்பல் என்று இதைச் சொல்ல முடியாது. சோம்பலாக இருந்திருந்தால் எல்லா வடிவங்களும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும். அதிகமாகத் தேய்ந்தவை ஏவலின் வடிவங்கள்.

ஒருவரைக் குறிக்க 'தே' என்ற பன்மையை ஆள்வதைப் பற்றி உலகம் முழுவதும் நடந்த சண்டையும் இதே இனம். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது 'ஹீ' என்றே எழுத வேண்டும் என்பது பள்ளி விதி. ஆனால் ஒருவருக்குத் 'தே' போடும் வழக்கம் ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு; ஜேன் ஆஸ்டினிடமும் உண்டு. ஆணும் அல்ல பெண்ணும் அல்ல என்று தம்மை உணர்வோர் அதைத் தங்களுக்கென்று கேட்டபோது விவாதம் சூடேறியது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019-ஆம் ஆண்டின் சொல்லாக அதையே அறிவித்தது. இங்கே தமிழர் ஒருவர் ஆங்கிலேயரைவிட எளிதாக நியாயம் சொல்ல முடியும். நம்முடைய 'அவர்' ஒரு காலத்தில் பலரைக் குறித்த பன்மை. மரியாதை கருதி ஒருவருக்கு அதைச் சொல்லிச் சொல்லி, பலரைக் குறிக்க 'அவர்கள்' என்று இன்னொரு சொல் தேவைப்பட்டது. பிறகு அதுவும் மரியாதைக்குப் போய்விட்டது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கினால் வந்த உயர்வுச் சொல், இலக்கண நெறிப்பட்டது அல்ல என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. விலக்கவில்லை என்பதுதான் முக்கியம். வழக்கில் மரியாதை முந்திக்கொள்ளும், இலக்கணம் பின்னால் வரும் என்பதை அந்த நூல் கண்டுகொண்டிருக்கிறது. 'அவர்' என்றால் ஆணா பெண்ணா என்று நாமும் கேட்பதில்லை. ஆகவே, 'தே' வந்தது ஆங்கிலம் கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று நம் ஊர் ஆங்கில ஆசிரியர்கள் சொல்வார்களானால், அவர்கள் தமிழை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

நம்முடைய ஆங்கிலத்தின் மீதும் பார்வை மாறியிருக்கிறது. ஒரு கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை 'ப்ரிபோன்' என்று நாம் சொன்னபோது அது பிழை என்று சிவப்பு மையால் சுழித்தார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியில் அது இருக்கிறது. 'ஐயோ' 2016-இலும் 'அண்ணா' 2017-இலும் அந்த அகராதிக்குள் போயின. பெருமைப்பட்டுக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அகராதி என்பது பேசுகிறவர்களின் பின்னால் நடந்துவந்து குறித்துக்கொள்ளும் நூல் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, இறுகியதைப் பார்ப்போம். மணமானவரா இல்லையா என்று ஆணைக் கேட்காத ஆங்கிலம் பெண்ணை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 'மிஸ்', 'மிஸஸ்' இரண்டையும் தள்ளி 'மிஸ்' என்று ஸகரத்தை அதிர்த்துச் சொல்லும் மூன்றாவது அடைமொழியைப் பெண்கள் கேட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை ஏற்க 1986 வரை ஆனது. பிரிட்டனில் 'ஸ்பாஸ்டிக்' என்பது பள்ளிப் பிள்ளைகளின் வசையாக மாறியதால், மூளை முடக்குவாதம் உள்ளோருக்கான பெரிய சங்கம் 1994-இல் தன் பெயரிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து 'ரிட்டார்டேஷன்' என்ற சொல்லை 2010-இல் நீக்கினார்கள். நம் நாட்டில் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியை 'லூனடிக்' என்றது. அந்தச் சொல் போக 1987-இல் புதுச் சட்டம் வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1998-இல் சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர் இறந்ததை அடுத்து வந்த சட்டத்தின் பெயரில் 'ஈவ் டீசிங்' இருந்தது. ஏவாளைச் சீண்டுவது என்று, குற்றத்தை விளையாட்டாக்கிய சொல் அது. ஓர் உயிர் போன பிறகும் சட்டப் புத்தகத்தில் அந்த விளையாட்டுத் தொனி நின்றது. 2002-இல் 'பெண்ணுக்குத் தொல்லை' என்ற பொருளில் சட்டத்தின் தலைப்பை மாற்றினார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கென்று வெளியிட்ட கையேடும் 'ஈவ் டீசிங்' என்று எழுத வேண்டாம் என்றது.

ஷல்லை விட்டவர்களே 'ஸ்பாஸ்டிக்'கையும் விட்டார்கள். ஒரு பக்கம் விதியைக் காட்டிப் பேசுகிறவரை அதட்டும் உரிமை போயிற்று. இன்னொரு பக்கம் பெயரை வைத்துப் பேசப்படுகிறவரைக் குறைக்கும் உரிமை போயிற்று. இரண்டிலும் கைமாறியது ஒரே அதிகாரம்தான்.

இதை நம் பள்ளத்தாக்கின் சொற்களில் வைத்துப் பார்க்கலாம். விடிவதற்கு முன்னே கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் நிறைகின்றன. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். இவர்களுடைய வேலைக்கும் ஊதியத்துக்கும் நாம் சொல்லும் சொல் கூலி. 'கூலி வேலைக்குப் போறாங்க' என்றால் அது இழிவில்லை. 'கூலி உயர்வு' என்பது தொழிற்சங்கத்தின் கோரிக்கைச் சொல். தமிழில் கூலியின் முதற்பொருள் ஆள் அல்ல. ஆளுக்குச் சேர வேண்டியது. ஆங்கிலத்தின் 'கூலி' இதிலிருந்து போனதாக ஒரு கருத்தும், குஜராத்தின் கோளி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து போனதாக இன்னொரு கருத்தும் அகராதிகளில் உண்டு. எதிலிருந்து போயிருந்தாலும், ஆங்கிலத்துக்குள் அது ஆளையே விழுங்கிவிட்டது. அடிமை முறை ஒழிந்ததும் 1834 முதல் மொரீஷியஸுக்கும், பிறகு கயானாவுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் பிஜிக்கும் ஒப்பந்தக் கப்பல்களில் போனவர்களுக்கு அது பெயரும் ஊரும் சாதியும் இனமும் ஆயிற்று. சட்டம் படித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போன காந்தியையும் அங்கே கூலி பாரிஸ்டர் என்றார்கள். வேலை எதுவானாலும் நிறம் இதுவானால் கூலி என்பது கணக்கு. தென்னாப்பிரிக்காவில் இன்று அது வாயால் சொல்லக் கூடாத வசை. மொரீஷியஸில் அந்த மக்கள் வந்து இறங்கிய துறைக்கு இருந்த 'கூலி' என்ற பெயரை மாற்றி 'ஆப்ரவாசி காட்' என்றார்கள். 2006-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. நம் ரயில் நிலையங்களில் சுமை தூக்குவோருக்கும் 2016 ரயில்வே பட்ஜெட்டில் 'சஹாயக்' என்ற புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் தமிழில் கூலியை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஒலி ஒன்றாக இருந்தாலும் சொற்கள் இரண்டு. அவற்றின் வரலாறும் இரண்டு. ஆனால் நம் பிள்ளை டர்பனிலோ ட்ரினிடாடிலோ வேலைக்குப் போய், 'எங்கள் ஊரில் கூலிகள் அதிகம்' என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னால், அந்த வாக்கியத்தில் இலக்கணம் சரியாக இருந்து என்ன பயன்? எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தோம். இதை ஒரு நாளும் சொல்லவில்லை.

கூலி கடல் தாண்டிக் காயப்படுத்திய சொல். இந்த மண்ணிலேயே காயப்படுத்திய ஆங்கிலம் வேறு. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பழங்குடிச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறந்த குடியைக் கொண்டே குற்றவாளி என்று பதிவு செய்து, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கச் சொன்ன சட்டம். இந்தப் பக்கத்து மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை வைக்க மாட்டோம் என்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் பெண். ஆங்கிலத்தில் 'கிரிமினல் டிரைப்' என்ற இரண்டு சொற்கள். இலக்கணப்படி எந்தக் குறையும் இல்லை. பெயரடையும் பெயரும் அழகாகப் பொருந்துகின்றன. அந்தப் பொருத்தத்துக்குள்தான் ஒரு குடியின் மூன்று தலைமுறைகளை அடைத்தார்கள். மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கியது. நீங்கியதும் அந்த மக்களுக்குக் கிடைத்த பெயர் 'டீநோட்டிஃபைடு', அதாவது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். எடுத்த பின்னும் பட்டியலின் நிழல் பெயரில் நின்றுவிட்டது. தமிழில் சீர்மரபினர் என்ற சொல் வந்தது. ஆங்கிலத்தின் குற்றவாடையை முழுக்கக் கழுவிவிட்ட சொல் அது. இந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்க்காமல் திருத்தியது என்றே சொல்வேன்.

ஆனாலும் கதை முடியவில்லை. 1979-இல் மாநில அரசு 'டிரைப்' என்பதை 'கம்யூனிட்டி' என்று மாற்றியது. பழங்குடி என்பதைவிடச் சமூகம் என்பது மதிப்பாகத்தானே கேட்கிறது? இன்றைய ஆங்கிலப் போக்கை மேலோட்டமாகப் பார்ப்பவர் இதை வரவேற்பார். மாற்றப்பட்டவர்கள் வரவேற்கவில்லை. 'டிரைப்' என்ற அந்த ஒரு சொல்லில், மத்திய அரசின் பார்வையில் அவர்கள் யார் என்பதும், அவர்களுக்கு நடந்த அநீதியின் சான்றும் அடங்கியிருந்தன. டி.என்.டி., டி.என்.சி. என்ற ஓர் எழுத்து வேறுபாட்டுக்காக நாற்பது ஆண்டுகள் மனுக் கொடுத்தார்கள், போராடினார்கள். 2019-இல் மத்திய அரசுத் தேவைக்கு ஒன்று, மாநிலத் தேவைக்கு இன்னொன்று என்று இரட்டைச் சான்றிதழுக்கு ஆணை வந்தது. இரட்டை வேண்டாம், பழைய ஒன்றே வேண்டும் என்று போராட்டம் தொடர்ந்தது. இதிலிருந்து எனக்குத் தெரிவது: காதுக்கு இனிமையான சொல்லைத் தேடுவதல்ல காரியம். அந்தச் சொல்லைச் சுமக்கப் போகிறவர் அதை ஏற்கிறாரா என்பதே காரியம்.

அந்தச் சட்டத்துக்கு ஆளான கள்ளர் மக்களுக்காக வந்த, இந்த மாவட்டத்தின் கள்ளர் பள்ளிகளும் அதே பாடத்தைத் தருகின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களில் நடக்கும் இந்தப் பள்ளிகளின் துறைக்கு ஆங்கிலப் பெயர் 'கள்ளர் ரெக்லமேஷன்'. கரம்பு நிலத்தைத் திருத்திச் சாகுபடிக்குக் கொண்டுவருவதற்கும், கடலிலிருந்து நிலம் மீட்பதற்கும் சொல்லும் சொல். மக்களை நிலமாகப் பாவித்த காலத்தின் சொல் என்பது அதைச் சற்றே உற்றுக் கேட்டாலே தெரியும். தமிழில் அது சீரமைப்பு என்று கொஞ்சம் மென்மையாயிற்று. பள்ளி மாணவரிடையே சாதி வேறுபாட்டைப் போக்க நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலிருந்து இத்தகைய அடையாளங்களை நீக்கச் சொன்னது. குழுவின் நோக்கம் நல்லது; வாதமும் வலுவானது. ஆனால் இந்தப் பக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. ரேகை வைத்த தாத்தாவின் பேரன் படித்த பள்ளி. அந்தப் பெயர் எங்களுக்கு இழிவில்லை, எங்கள் உரிமையின் சான்று என்பது எதிர்த்தவர்களின் நிலை. பெயர் போகலாம் என்று நினைக்கிறவன் நான். ஆனால் அவர்களை உட்காரவைத்துப் பேசி அவர்கள் வாயிலிருந்து சம்மதம் வராமல் அது போகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

இன்னொரு சொல்லுக்கு வருவோம். 2025 ஏப்ரல் இறுதியில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசுப் பதிவுகளிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் அது ஆகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். லத்தீனில் உழவர் குடியேற்றத்தைக் குறித்த சொல். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயராகவே நிற்கிறது. இங்கே அது எப்படி வசையாயிற்று? நகரத்தில் ஆசிரியர் காலனி, என்.ஜி.ஓ. காலனி, ஹவுசிங் போர்டு காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் முன்னொட்டே தேவையில்லை. 'காலனிப் பக்கம்', 'காலனி ஆளு' என்று தனியாகச் சொன்னால் போதும், ஊருக்கும் அதற்கும் நடுவே இருக்கும் ஓடையும் சுடுகாட்டுப் பாதையும் கண்ணில் வந்துவிடும். ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடினால் கிடைக்காது, தெருவில் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? வெளியூர் ஆங்கிலேயர் ஒருவருக்கு இந்த வசை புரியாது. இது நாம் செய்துகொண்ட ஆங்கிலம். அதன் அழுக்கும் நம்முடையது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகள் பல. அவற்றில் முதலாவதை நான் மிகவும் மதிக்கிறேன். இலக்கணம் தளர்கிறது என்று சொல்லிக்கொடுத்தால், சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் படித்த பிள்ளை நேர்முகத் தேர்வில் என்ன செய்யும்? சென்னையின் பெரிய பள்ளியில் படித்தவர் தளர்த்திப் பேசினால் அது ஸ்டைல். நம் பிள்ளை பேசினால் அது பிழை. ஆகவே முதலில் விதியைக் கொடுங்கள், பிறகு விடுதலையைக் கொடுங்கள் என்கிறார்கள். இது அனுபவத்திலிருந்து வரும் பேச்சு, தட்டிக்கழிக்கக் கூடாது. என் பதில், விதியைக் கொடுக்க வேண்டாம் என்பதல்ல. விதியோடு அதன் வயதையும் சேர்த்துக் கொடுங்கள் என்பது. 'ஷல் இப்படி வரும்; சட்டப் பத்திரங்களில் இன்றும் வருகிறது; பேச்சில் தேய்ந்துவிட்டது' என்று மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடலாம். விதிக்கு வரலாறு உண்டு என்று தெரிந்த பிள்ளை அதன் முன் நடுங்காது. அரசுப் பள்ளிகளில் 2012 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் நடக்கின்றன. அங்கே இதைச் சொல்ல கூடுதல் செலவு எதுவும் இல்லை. சிரிக்கிறவர்களின் கோலே பழையது என்று தெரிந்துகொண்டு அறைக்குள் போவதும் ஒரு தயாரிப்புதான்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. பெயரை மாற்றினால் வாழ்க்கை மாறுமா? புதுச் சொல்லும் நாளைக்கு அழுக்காகும் என்கிறார்கள். ஆகத்தான் செய்கிறது. சென்னையில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற பெயர் போய் மனநலக் காப்பகம் என்று வந்தது. மக்கள் அது இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே கேலிச்சொல் ஆக்கிவிட்டார்கள். ஊர்ப்பெயர் என்ன பாவம் செய்தது? மனநோய் மீது இருக்கும் இளக்காரம் போகாத வரை எந்தப் பலகையும் தூய்மையாக நிற்காது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாச் சொல்லும் ஒரே வேகத்தில் அழுக்காவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்ற சொல்லை அம்பேத்கர் ஏற்கவில்லை. அது நிலைக்கவும் இல்லை. கடவுளின் பிள்ளைகள் என்ற பொருளில் குறை என்ன? பொருளில் குறையில்லை, கொடுத்த கையும் வாங்கிய கையும் வேறாக இருந்ததே குறை. அதற்கு நேர் எதிரே ஒன்றை வைக்கிறேன். பறையர் என்ற குடிப்பெயரை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு 'பரையா' என்று ஆக்கி, ஒதுக்கப்பட்ட மனிதருக்கும் தெருநாய்க்கும் ஒரு வகைப் பருந்துக்கும் ஒட்டியது. உலக அரசியலில் ஒதுக்கப்பட்ட நாட்டை இன்றும் அப்படி எழுதுகிறார்கள். அந்த ஆங்கிலம் ஓங்கி நின்ற காலத்திலேயே, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். வசையை மாற்றச் சொல்லிக் கேட்காமல், தன் பெயரைத் தன் கையால் அச்சில் ஏற்றினார். ஆங்கில உலகம் வெகு பின்னால் கண்டுகொண்ட உரிமையை அவர் அப்போதே எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக, இதெல்லாம் மேல்நாட்டு மோகம் என்பார் உண்டு. வசைகளால் மட்டுமே அறியப்பட்டவர்களைத் திருநங்கை என்று தமிழ் சொல்லிக்கொண்டது எந்த மேல்நாட்டு அகராதியையும் பார்த்து அல்ல. மலைக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டின் மாத்தூர் ஊராட்சி 2021-இல் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' வேண்டாம் என்று தீர்மானித்தது. இங்கே நாம் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கொண்டுபோகும் மனுவில் இன்றும், ஆங்கிலத்தில் எழுதினால் 'ரெஸ்பெக்டட் சார்', தமிழில் எழுதினால் 'தாழ்மையுடன் பணிந்து'. உரிமையாகக் கேட்க வேண்டிய முதியோர் உதவித்தொகையைக் குனிந்து கேட்கச் சொல்லிக்கொடுத்தது பழைய கச்சேரி ஆங்கிலம். பிரிட்டனின் அலுவலகங்களே அதைக் கைவிட்டுவிட்டன. இங்கே அந்தத் தொனி இன்னும் மனு எழுதிக் கொடுப்பவரின் மேசையில் இருக்கிறது.

ஆகவே இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஒரு பாடத்தைச் சேர்க்கச் சொல்வேன். கூலி, காலனி, ரெக்லமேஷன், ஈவ் டீசிங் ஆகிய நான்கே சொற்கள். ஒவ்வொன்றும் எப்போது வந்தது, யார் யாரைப் பார்த்துச் சொன்னது, யார் மறுத்தார்கள், இன்று எங்கே நிற்கிறது. ஷல், வில் பாடத்துக்கு ஆகும் நேரம் போதும். பயிற்சியை வகுப்புக்கு வெளியே வைக்கலாம். விடிகாலையில் ஜீப் ஏறும் இடத்துக்குப் போய், ஏலத்தோட்டத்துக்குப் புறப்படும் பத்துப் பேரிடம், உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் என்ன சொல்லால் எழுதட்டும் என்று கேட்க வேண்டும்; அவர்கள் சொன்ன சொல்லை, அவர்கள் சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.